எஸ்டேட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளைக்கு

மெல்பர்ன்
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் தங்கச்சியும் நலம்தானே. இங்கே இரவு ஒன்பதரை, அங்கே மணி நாலு, மத்தியானத் தூக்கம் முடிந்து காபிக்கு உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் அக்கா எதிரில் பட்டாணி உரித்துக்கொண்டே "என் தம்பியைத் திட்டாம எழுதுங்க" என்கிறாள். பார்க்கிறேன்.

ஏற்காட்டு விஷயத்தை நீங்கள் சொன்னதில் இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அதற்குள் மூன்று ஏக்கர் காபித் தோட்டத்துக்கு அட்வான்ஸ், பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் அதிலேயே போடுவது, மிச்ச வாழ்க்கையை மேலே ஏறிப் போய் நிம்மதியாகக் கழிப்பது. இதைப் போனில் பேசினால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று முடித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இங்கே நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் எல்லாரிடமும் ஜம்மென்று இருக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் அப்படி இல்லை.

கஞ்சமலை அடிவாரத்து ஸ்டீல் பிளான்ட்டில் 36 வருஷம் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று ஓடிய உடம்பு இது. இங்கே காலை ஏழே முக்காலுக்கு எல்லாரும் கிளம்பிப் போய்விடுவார்கள், அதோடு வீடு அடங்கிவிடும். தெருவும் அப்படித்தான். ஜன்னலில் நின்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நாய் கூட்டிக்கொண்டு இரண்டு பேர் போவார்கள், அவ்வளவுதான் நடமாட்டம். கூரியர்காரன் வந்தாலாவது நாலு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால், அவன் கதவையே தட்டுவதில்லை, பெட்டியை வாசலில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நான் கோட் போடாத வாட்ச்மேன் ஆகிவிட்டேன். மூன்று மணிக்குப் பேரனைப் பள்ளியில் இருந்து கூட்டி வருவது, துணி மடிப்பது, பாத்திரம் அடுக்குவது, ராத்திரி எட்டு மணிக்கு மகள் வந்ததும் இன்று என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

அப்புறம், மகள் வீடு. நம் பக்கத்தில் மகள் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்கினாலே கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. மருமகன் தங்கமான பையன், அதனால் உறுத்தல் இன்னும் கூடத்தான் செய்தது. டிவி ரிமோட்டைத் தொடுவதற்கே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று என்றால் பாருங்கள்.

(அடுத்த பத்தியைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

ஒருநாள் ராத்திரி உங்கள் அக்கா, விளக்கை அணைத்த பிறகு, மெதுவாகக் கேட்டாள்: "சேலத்துல ரெண்டு பேருக்குச் சமைச்சேன். இங்க அஞ்சு பேருக்குச் சமைக்கிறேன். நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, சரி. எனக்கு எப்போ?" எனக்குப் பதில் வரவில்லை. 36 வருஷம் சி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தால் சூடாக இட்லி இருக்கும், அதற்கு அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் சனிக்கிழமை மகளையும் மருமகனையும் உட்கார வைத்துப் பேசினோம். நான் யூனியன் பேச்சுவார்த்தைக்குப் போகிற மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டே போயிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் பேரன் எங்கள் பொறுப்பு, மற்ற இரண்டு நாள் பள்ளியிலேயே பணம் கட்டி விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா அடுப்பைத் தொட மாட்டாள். எங்கள் இன்ஷூரன்ஸ், போன், மருந்துச் செலவு எங்கள் பணத்தில். ஒவ்வொரு வருஷமும் ஜூலை, ஆகஸ்ட் சேலம்தான், யாருக்குப் பரீட்சை, யாருக்கு ஆபீஸ் என்றாலும் மாறாது. அந்த மாதங்களில் இங்கே விறைக்கிற குளிர், நமக்கு அங்கே கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை, இதைவிடப் பொருத்தமாக எது அமையும்?

மகள் அழுதுவிட்டாள். கோபம் என்று நினைத்தேன். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "சும்மா உக்காந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்ப்பா ஒவ்வொரு வேலையா கொடுத்தேன்." ஆறு மாதம் அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை, ஆளுக்கு ஆள் மற்றவருக்காகத் தியாகம் செய்துகொண்டு இருந்திருக்கிறோம்.

உங்கள் அக்கா இப்போது சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை சன்ஷைன் முருகன் கோயில். எனக்கு முன்னால் அவளுக்கு ஊர் பழகிவிட்டது.

என் கதை பக்கத்து வீட்டுக் கேட்டில் தொடங்கியது. அங்கே 78 வயசில் ஒருவர், பிளம்பராக இருந்து ரிட்டயர் ஆனவர், கேட் கீல் தொங்கிப்போய்த் தினமும் தூக்கித் தூக்கி மூடிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் பார்ப்பது, ஸ்க்ரூ டிரைவரோடு போய்விட்டேன். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியவில்லை, நான் பேசியது அவருக்கு முக்கால் புரிந்திருக்காது. கேட் நேராக நின்றது. வியாழக்கிழமை காலை காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறு என்று கையைக் காட்டினார்.

போன இடத்துக்கு மென்ஸ் ஷெட் என்று பெயர். வேலை ஓய்ந்த ஆண்களுக்கான பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990களில் இந்த நாட்டில் தொடங்கிய விஷயம், இந்தப் பெயரோடு முதலில் திறந்தது இதே விக்டோரியா மாநிலத்தில் டோங்காலா என்கிற சின்ன ஊரில், 1998-ல். இப்போது நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறது. எங்கள் ஷெட்டில் மர வேலைக்கு ஒரு பக்கம், இரும்பு வேலைக்கு ஒரு பக்கம், நடுவில் நீள மேஜை, டீ கெட்டில். பழைய சைக்கிளைச் சரி செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், பறவைகளுக்குக் கூடு செய்வார்கள், பள்ளிக்கூடத்து பெஞ்சு வரும். சம்பளம் யாருக்கும் கிடையாது. அது எனக்குச் சௌகரியம், ஏனென்றால் எங்கள் விசா பெற்றோருக்கான தற்காலிக விசா, மூன்று வருஷத்துக்கோ ஐந்து வருஷத்துக்கோ கிடைக்கும், எல்லாம் சேர்த்துப் பத்து வருஷம்தான் உச்சம், கூலிக்கு வேலை பார்க்கக் கூடாது.

முதல் நாள் எனக்கு மானம் போயிற்று. உருளைகளைத் தீட்டுகிற ரோல் கிரைண்டிங்கில் மைக்ரான் கணக்கில் வேலை பார்த்தவனுக்கு, டிரில்லிங் மெஷின் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று ஒருவர் பாடம் நடத்தினார். கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகு கையில் துடைப்பம். இரண்டு வாரம் பெருக்கினேன். வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் இனிமேல் போக மாட்டேன் என்றேன், அவள் "அப்போ வியாழக்கிழமை வெங்காயம் உரிக்க ஆள் கெடச்சாச்சு" என்றாள். போனேன்.

மூன்றாவது வாரம் லேத்தில் ஒருவர் மல்லாடிக்கொண்டிருந்தார். கடைகிற கம்பியெல்லாம் ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்து வருகிறது. கம்பியின் மறுமுனையைத் தாங்குகிற டெயில் ஸ்டாக் விலகியிருக்கிறது, பார்த்ததுமே தெரிந்தது. விலகலை அளக்கிற டயல் கேஜ் இருக்கிறதா என்று கேட்டேன், எங்கேயோ இருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம். கம்பி சீராக வந்ததும் யாரும் கை தட்டவில்லை, ஆனால் பத்து மணி டீக்கு, அதை இங்கே ஸ்மோகோ என்கிறார்கள், எனக்கு ஒரு கப் தனியாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது, என்னவோ ப்ரமோஷன் வந்த மாதிரி.

இந்த மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும்போது பேசுகிறார்கள். டிராம் ஓட்டியவர் ஒருவர், பலகையைத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், தன் மனைவி முதியோர் ஹோமில் இருக்கிறாள், தன்னை யார் என்று அவளுக்குத் தெரிவதில்லை என்றார். நானும் தேய்த்துக்கொண்டே எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் என்னைப் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் பலகையை மறுபக்கம் திருப்பிப் போட்டோம்.

போன ஜூனில், இரண்டு மாதம் ஊருக்குப் போகிறேன் என்றதற்கு ஒருவரும் லீவ் லெட்டர் கேட்கவில்லை. போர்டில் என் பெயருக்கு நேரே "செப்டம்பரில் வருவார்" என்று எழுதினார்கள். மாப்பிள்ளை, எனக்கு வேண்டியிருந்தது இதுதான். வராவிட்டால் தேடுவார்கள், போகிறேன் என்றால் பிடித்து வைக்க மாட்டார்கள்.

சரி, பணம். இங்கே ஷெட்டில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு அரசாங்கப் பென்ஷன் 67 வயசில், அதுவும் சொத்து, வருமானம் பார்த்துத்தான். அது போக "சூப்பர்" என்று நம் பி.எஃப். மாதிரி ஒன்று, 1992-ல் இருந்து கட்டாயம், முதலாளி பங்கு இப்போது 12 சதவீதம். நமக்கும் பன்னிரண்டுதான், ஆனால் அதில் 8.33 இ.பி.எஸ். என்கிற பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், அதையும் 15,000 சம்பளத்துக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. 58 முடிந்ததில் இருந்து உங்களுக்கு வருகிற அந்தப் பென்ஷனை வைத்து ஒரு மாத மளிகை வாங்க முடியுமா? ஆகையால் கையில் வரப்போகிற மொத்தத் தொகைதான் உங்கள் சம்பளம். அதை மண்ணில் போட்டால் மாசம் ஒன்றாம் தேதி மண் சம்பளம் கொடுக்காது.

ஏற்காடு எனக்கும் பிடிக்கும். இங்கே டாண்டனாங் மலை இருக்கிறது, உச்சியே 633 மீட்டர்தான், ஏற்காட்டில் பாதி கூட இல்லை, அதற்கே மூடுபனியைப் பார்த்ததும் உங்கள் அக்கா ஊர் ஞாபகத்தில் பேசாமல் நின்றுவிட்டாள். ஆனால் யோசியுங்கள். காபி பறிப்புக்கு ஆள் தேடி அலைய வேண்டும், சில்வர் ஓக் கிளை கழிக்க வேண்டும், மிளகுக்கொடிக்கு மருந்து, பூ விடும் நேரத்தில் மழை வந்ததா இல்லையா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெரிந்தவனுக்கு அது தொழில். 36 வருஷம் மோட்டார் காயில் கட்டியவருக்கு அது புது வேலை, 60 வயசில், சூப்பர்வைசர் இல்லாமல். ராத்திரி மூன்று மணிக்குத் தங்கச்சிக்கு மூச்சுத் திணறினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அவள் உங்களிடம் மலைக்கு வருகிறேன் என்று சொன்னாளா? கேட்டீர்களா?

பையன் பெயரில் பதிந்துவிடலாம் என்றீர்களே, அது நடக்காது. டல்லாஸில் குடியிருக்கிறவன் நம் நாட்டில் விவசாய நிலமோ தோட்டமோ விலை கொடுத்து வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் சொல்வது இது. போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 2023 ஏப்ரலில் இருந்து 30 லட்சம் வரை போடலாம். 8.2 வட்டி என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். முதலில் அதைப் போடுங்கள். அப்புறம் ஏற்காட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சீசன் மாதத்தில் இல்லை, அக்டோபர், நவம்பரில், துணி காயாமல் கரண்ட் போய்ப் போய் வருகிற அந்த மழையில் இரண்டு மாதம் இருந்து பாருங்கள். தங்கச்சி அதற்குப் பிறகும் வாங்கலாம் என்றால் நானே டிசம்பரில் டிக்கெட் போட்டு வந்து பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

சேலத்தில் இருக்கும் நாட்களுக்கு உங்கள் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு ஐ.டி.ஐ.யில் போய்க் காயில் கட்டச் சொல்லித் தருகிறேன் என்று கேளுங்கள். வாரம் இரண்டு நாள், காலை மட்டும், நாங்கள் வருகிற ஜூலை ஆகஸ்டில் வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் சொல்லாததைப் பிறகு சொன்னால் குறையாகத்தான் கேட்கும், எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று.

ஜூலை முதல் வாரம் வருகிறோம், பென்ஷன் உயிர்ச் சான்றிதழையும் அப்போதே போட்டுவிடுவேன். தங்கச்சிக்கு வேண்டியதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கிருந்து அங்கே எதுவும் கொண்டுவரலாம், அங்கிருந்து இங்கேதான் கறிவேப்பிலைக் காம்பைக்கூட ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்கிறான், போன முறை உங்கள் அக்கா அதற்கு அவனோடு தமிழிலேயே சண்டை போட்டாள்.

ஒரு உதவி. ஜாகீர் அம்மாபாளையம் வீட்டுப் பரணில் என் பச்சை டூல் பாக்ஸ் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று தங்கச்சி கேட்டாளாம். போட வேண்டாம். அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். ஷெட்டில் இருக்கிற வெர்னியருக்கு ஒரு தாடை தேய்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாமா