கைக்கடிகாரச் சங்கத்தின் ஆண்டறிக்கை: பெட்டிக்குள் ஓர் அட்டை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் கூடியது. மாங்காய்க் காலத்தில் மட்டும், உறுப்பினர்களில் பலர் தோப்பிலும் மண்டியிலும் இருந்தபடியால், ஒரு கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தணிக்கை முடிந்து கையொப்பமாகிவிட்டது. சந்தாப் பணத்தில் மூன்று கருவிகள் வாங்கினோம்: ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர், காந்தம் நீக்கும் கருவி, நீர் அழுத்தச் சோதனைக் கருவி. மூன்றாவதை வாங்க நேர்ந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டு உருப்படியாக என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், அட்டை எழுதினோம் என்றே சொல்வேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை அட்டை. உள்ளே ஓடும் மெஷின் எது, டயல் அசலா மறுவண்ணம் பூசியதா, முள், கண்ணாடி, சாவி ஆகியவற்றில் எது எப்போது மாற்றப்பட்டது, யார் கை வைத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நகல் என்றால் நகல் என்ற சொல்லே இருக்கும். எழுதி, கையெழுத்திட்டு, கடிகாரத்தோடு பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். புரட்டாசிக் கூட்டத்தில் இது தீர்மானமாயிற்று. அதற்குக் காரணம் ஆடி மாதக் கூட்டத்தில் நடந்தது. அன்று வராதவர்களுக்காக விரிவாகவே பதிவு செய்கிறேன்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கணவர் பல ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் திரும்பிக் காலமானவர். அவர் விட்டுச்சென்ற ரோலக்ஸ் சப்மரைனர் என்ற விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரம் ஒன்று கைக்குட்டை முடிச்சில் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதை விற்றுத் தரவேண்டும் என்று கேட்டார். "எவ்வளவு வரும் அண்ணா?" என்று என்னைப் பார்த்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன், எனக்கு அப்போதே நெஞ்சு கனத்துவிட்டது. தேதிக்கு மேலிருக்கும் குமிழ்க் கண்ணாடி எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும். இதில் எண் ஏறக்குறைய உள்ள அளவிலேயே தெரிந்தது.

ஓசூர்த் தொழிற்சாலையில் மெஷின் கோத்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் பின்மூடியைத் திருகித் திறந்தார். 1980களின் இறுதியிலிருந்து 2020 வரை, தேதி காட்டும் சப்மரைனருக்குள் 3135 என்ற மெஷின் இருந்தது. அதில், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஊன்றிய ஒரு பாலம் தாங்கும். இங்கே ஒரு பக்கம் மட்டும் திருகாணி போட்ட கை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. அது சுவிட்சர்லாந்தின் ஈடிஏ கம்பெனியுடைய 2824 மெஷினின் நகல். அதன் சுழல் தகட்டின்மேல் ரோலக்ஸ் என்று பொறித்திருந்தார்கள். பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "அம்மா, மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆனால் இது அந்தக் கம்பெனி செய்தது இல்லை" என்றார்.

அந்த அம்மா அழவில்லை. சற்றுப் பொறுத்து, "இது அவருக்குத் தெரியுமா அண்ணா?" என்று கேட்டார்.

தெரிந்தே ஆசைக்கு வாங்கினாரா, அசல் என்று நம்பிப் பல மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்தாரா? அந்தக் கேள்விக்கு எங்கள் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. சந்தை நிலவரத்தையும் மெஷின் எண்ணையும் நாவின் நுனியில் வைத்திருக்கும் இத்தனை பேர் சுற்றி நின்றோம். அவருக்கு வேண்டியிருந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்கக்கூடிய ஒரே மனிதர் போய்விட்டார். மகளின் கட்டணத்துக்கு வேறு வழி பார்த்துக்கொண்டதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கடிகாரத்தைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு வைத்திருந்தோம். பொங்கல் கழித்து அந்தப் பெண்ணே வந்து வாங்கிக்கொண்டாள். கைக்குப் பெரிதாக இருந்ததால் செயினில் மூன்று கண்ணிகளைக் கழற்றிக் கொடுத்தோம். நம் சங்கத்தின் முதல் அட்டை அந்தக் கடிகாரத்தோடுதான் போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பாலத்தைப் பார்த்தால் அசல் தெரிந்துவிடும் என்று யாரும் பணத்தை எடுத்து நீட்டிவிட வேண்டாம். இரு பக்கமும் ஊன்றிய பாலத்தோடும் நகல்கள் வந்துவிட்டன. பெருந்தொகை கொடுத்து வாங்குமுன் அந்தந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் காட்டிவிடுங்கள்.

நகல் கடிகாரங்களைப் பற்றி நம்மிடையே கடும் வாதம் நடந்தது. அவற்றைச் சங்கத்துக்குள்ளேயே விடக்கூடாது என்றார் ஒருவர். நம்மில் பாதிப்பேர் கற்றுக்கொண்டதே 'ஃபர்ஸ்ட் காப்பி'யைப் பிரித்துப் பார்த்துத்தானே என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. மெஷினின் அமைப்பைப் பின்பற்றுவது வேறு, அடுத்தவர் பெயரைப் பொறிப்பது வேறு. ஈடிஏ 2824இன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சுவிட்சர்லாந்தின் செலிட்டா அதே அமைப்பில் எஸ்டபிள்யூ200 என்ற மெஷினைத் தன் பெயரிலேயே செய்து விற்கிறது. தேய்மானம் குறைக்க அச்சுகளைத் தாங்கும் கல் 2824இல் 25, எஸ்டபிள்யூ200இல் 26. அது நேர்மையான தொழில். ஆனால் போலி வணிகச் சின்னத்தைப் பொறிப்பதும், அப்படிப் பொறித்த பொருளை விற்பதும் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆகவே நகலைக் கொண்டுவந்து திறந்து பார்க்கலாம், கற்கலாம். நம் மேசையில் விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது என்று முடிவாயிற்று.

உதிரிப் பாகங்களை வாங்கிக் கடிகாரத்தைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் இளைஞர்கள் இந்த ஆண்டு சங்கத்துக்குப் புது ரத்தம் பாய்ச்சியிருக்கிறார்கள். சீகோ குழுமத்தின் என்எச்35 மெஷின், 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு. அதை வைத்துக்கொண்டு உறை, டயல், முள், வெளிவளையம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள். பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் முதன்முதலில் கோத்த கடிகாரத்தை மாலையில் எல்லோரும் கையில் கட்டிப் பார்த்து மெச்சினோம். மறுநாள் காலை நொடி முள் கழன்று டயலின்மேல் கிடந்தது. என்எச்35க்கு நொடி முள்ளின் துளை 0.20 மில்லிமீட்டர், அவர் போட்டது 2824க்கான 0.25. மணி முள்ளும் நிமிட முள்ளும் இரண்டு மெஷினுக்கும் 1.50, 0.90 என்று ஒரே அளவு. அதனால் மூன்றாவதும் சேரும் என்று நம்பிவிட்டார். மயிரிழையை விடக் குறைந்த வித்தியாசம்! அதை இப்போது தம் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

டயலில் எந்தப் பெயர் இருக்கலாம் என்பதில்தான் சிக்கல் வந்தது. என்எச்35 மேல் புகழ்பெற்ற கம்பெனியின் பெயர் அச்சிட்ட டயலைப் பொருத்தி ஒருவர் கொண்டுவந்தார். வேலைப்பாடு மிக நேர்த்தி. அதனால்தான் வருத்தமாக இருந்தது. தன் கையால் இவ்வளவு செய்தவர் தன் உழைப்பின் நெற்றியில் வேறொருவர் பெயரை எழுதலாமா? பெயரில்லாத டயல் அல்லது சொந்தப் பெயர், இரண்டில் ஒன்று என்று தீர்மானித்தோம். அதற்கு அடுத்த கூட்டத்திலேயே ஓசூர் உறுப்பினர் ஒருவர் தமிழ் எண்கள் அச்சிட்ட டயலோடு வந்தார். உச்சியில் ௰௨, அதற்குக் கீழ்நேரே ௬. பார்த்தவர் எவரும் அதை ஒரே தடவையில் கீழே வைக்கவில்லை.

எச்எம்டி கடிகாரங்களுக்கு இரண்டு கூட்டங்களை முழுமையாக ஒதுக்கினோம். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் ஜனதா, பைலட், கோஹினூர், சோனா, காஞ்சன் நம் வீடுகளில் இல்லாத தெரு உண்டா? எச்எம்டி வாட்சஸை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபின் பழைய கடிகாரங்களுக்குத் தேட்டம் கூடியது. கூடவே மறுவண்ணமும் பெருகியது. அசல் டயலில் எழுத்து ஊசிமுனையால் எழுதியது போலிருக்கும். மறுவண்ணத்தில் எழுத்தின் ஓரம் மசிந்து, நிமிடக் கோடுகளின் இடைவெளி தாறுமாறாக, டயல் விளிம்பில் பூச்சு தடித்து நிற்கும். தொழிற்சாலை ஒருநாளும் வெளியிடாத நிறங்களில் பைலட் கிடைக்கிறது என்றால் சந்தேகம் வேண்டும்.

தருமபுரியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் அப்பாவின் ஜனதாவைக் கொடுத்தார். 17 கல், காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பது அப்பா விட்டுச்சென்ற வழக்கம். டயல் மறுவண்ணம் என்று அட்டையில் எழுதியதும் அவர் முகம் வாடியது. கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் தாமே வந்து, அப்பா அதைக் கடையில் கொடுத்துப் புதுப்பித்த நாள் நினைவு வந்ததாகவும், தாமும் உடன் போயிருந்ததாகவும் சொல்லி, அதையும் அட்டையில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். அந்த அட்டை இப்போது இரண்டு பக்கம் ஓடுகிறது.

ஓசூரைப் பற்றியும் ஒரு செய்தி. டாட்டாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன், சிப்காட்டில் தொழிற்சாலை அமைத்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். 2002இல் வந்த எட்ஜ் கடிகாரத்தை நம் மூத்த உறுப்பினர் கொண்டுவந்து திறந்து காட்டினார். மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், மெஷின் 1.15 மில்லிமீட்டர். பேட்டரி வாட்ச்தானே என்று ஒதுக்கும் இளைஞர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

இனி அழுத்தக் கருவியின் கதை. கண்ணாடி மாற்றிய கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓர் உறுப்பினர் ஒகேனக்கலில் எண்ணெய்க் குளியல் போட்டார். மாலையில் கண்ணாடிக்குள் பனி படர்ந்தது. திறந்து உலர்த்தாமல் அரிசிக்குள் புதைத்து வைத்தார். மூன்றாம் நாள் சாவித் தண்டில் துரு. பின்மூடியில் 200 மீட்டர் என்று பொறித்திருப்பது முதலில் இருந்த கண்ணாடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் உரிய வாக்கு. பிரித்துக் கோத்தபின் சோதித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். சோதித்த நாளையும் இனி அட்டையில் எழுதுகிறோம்.

காவேரிப்பட்டணத்தில் மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருப்பவரின் கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் முந்தியது. காந்தம் ஏறி, பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காந்தம் நீக்கியதும் சரியாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சுவிஸ் கடிகாரம் ஒன்றின் ஒளிப்பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிது பூச ஒருவர் முனைந்தார். நல்ல வேளையாகத் தடுத்தோம். அது ரேடியம். இருட்டில் ஒளிராததால் செத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. பட்டுப்போனது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. சுரண்டினால் தூளாகி மூச்சில் போகும். அத்தகைய கடிகாரம் நம் மேசையில் திறக்கப்படாது. அதன் அட்டையில் சிவப்பு மையால் குறிப்பிடுகிறோம்.

இந்த ஆண்டு நாம் இழந்த ஒருவரைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். காவேரிப்பட்டணத்துப் பெரியவர் மாசி மாதம் காலமானார். தீர்மானம் நிறைவேறிய வாரத்திலிருந்தே, உடல்நலம் குன்றிய நிலையிலும், தம் கடிகாரங்களுக்கு உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தார். அவர் மகன் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பதினொரு கடிகாரங்கள், ஒன்பதில் அவர் கையெழுத்தில் அட்டை இருந்தது. ஃபேவர் லூபா சீ கிங் என்ற சுவிஸ் கடிகாரம் ஒன்றின் அட்டையில் "முட்கள் அசல் அல்ல, நான் போட்டவை" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார். மீதி இரண்டை எழுதக் காலம் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றை மகனே அடையாளம் கண்டுவிட்டார்; அது அம்மாவுக்கு வாங்கியது.

மற்றொன்று, டயலில் பெயர் தேய்ந்துபோன, சாவி கொடுக்கும் சிறிய கடிகாரம், மகனின் அனுமதியோடு இன்று முன்மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெரியவரோடு சந்தைகளுக்குப் போய்வந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து பார்க்க வேண்டும். எங்கே வாங்கினார், யாரிடம் என்று ஒருவருக்கு நினைவிருந்தாலும் போதும். பக்கத்தில் எழுதாத அட்டையும் பேனாவும் இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.

செயலாளர்,
கிருஷ்ணகிரி