அட்டையைப் புதுப்பித்தது பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி பிளஸ் டூ எழுதுகிறாள், வீடே அவளைச் சுற்றித்தான் ஓடுகிறது.

'முள்ளிவாய்க்காலுக்குப் பிறகும் தி.மு.க. உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க எப்படி மனசு வந்தது?' என்று கேட்டிருந்தாய். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நடந்த 2008 அக்டோபர் மனிதச் சங்கிலியில் நீயும் நானும் கைகோத்து நின்றோம். மழை கொட்டியது. குடை பிடித்தால் கை கோக்க முடியாதென்று எல்லோரும் மடக்கிவிட்டார்கள். கொடியின் சிவப்புச் சாயம் உன் வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் போர் நிற்காவிட்டால் எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று அனைத்துக் கட்சிக் கூட்டம் தீர்மானம் போட்டிருந்த நேரம். 26-ஆம் தேதி அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து, முதல்வராக இருந்த கலைஞரைப் பார்த்தார். ராஜினாமாப் பேச்சு அத்தோடு அடங்கிப்போனது. உனக்குக் கட்சி விட்டுப்போனதும் அப்போதுதான்.

விலகியிருக்க வேண்டும் என்று கிளைக் கூட்டத்தில் அன்றே எழுந்து சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். 'மாநில அரசால் வேறென்ன செய்திருக்க முடியும்?' என்று கேட்கிற நம் ஆட்களிடம்தான் எனக்குக் கோபம். வெளியுறவு டெல்லியின் கையில் என்பது சரி. ஆனால் அந்த டெல்லி அரசு 2008 ஜூலை நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-க்கு 256 என்றுதானே தப்பியது? நமக்கு மட்டும் 16 எம்.பி. இருந்தார்கள். அவர்கள் மாற்றிப் போட்டிருந்தால் ஆட்சி நின்றிருக்காது. 2013 மார்ச்சில் இதே இலங்கைப் பிரச்சினைக்காக ஆதரவை வாபஸ் வாங்க முடிந்ததே, உயிர்கள் மிச்சமிருந்தபோது ஏன் முடியவில்லை?

எதிர்ப்பக்கம் மட்டும் என்ன? போர் என்றால் அப்பாவிகள் சாவது சகஜம் என்று 2009 ஜனவரியில் பேசிய ஜெயலலிதா, தேர்தல் நெருங்கிய ஏப்ரலில் தனி ஈழமே தீர்வு என்றார். அதே ஏப்ரல் 27 காலையில் கலைஞர் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததும் மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். குண்டு விழுவது நிற்கவில்லை. மே 13 நமக்கு ஓட்டுப்பதிவு, 18-ஆம் தேதி அங்கே முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அந்த ஐந்து நாள் இடைவெளியை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஆனாலும் அட்டையைப் புதுப்பித்தேன். 1965-இல் என் அப்பா இந்தி எதிர்ப்பில் ஜெயிலுக்குப் போனது இந்தக் கொடியோடுதான். நம் தெருவில் முதல் பட்டதாரிகள் வந்ததில் இந்தக் கட்சிக்குப் பங்கு உண்டு. ஒரு போரில் அது எடுத்த நிலை தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பது நான் உள்ளே இருப்பதால்தான் என்று நம்புகிறேன். வெளியே போனவன் சொன்னால் எதிரியின் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். நீ விலகியதையும் நான் குறைவாக நினைத்ததே இல்லை. உன் மனசாட்சி அதைத்தான் கேட்டது.

ஒன்று மட்டும் நீ சொன்னதே இல்லை. 2009-இல் யாருக்கு ஓட்டுப் போட்டாய்? அடுத்த கடிதத்தில் எழுது.

உன் பழைய தோழன்