பெருசுகளுக்கும் ஸ்டாப் வாட்ச் பிடியுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் தொடங்கி வடக்கே தொண்டி, தெற்கே மூக்கையூர் வரை பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டி நடத்தும் ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும் இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும்,

வணக்கம். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் ஒரு கோரிக்கை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு உங்கள் நோட்டீஸில் என்ன இருக்கிறது? மியூசிக்கல் சேர், இல்லாவிட்டால் லெமன் ஸ்பூன். தப்பித்தவறி ஓடவிட்டாலும் மைக்கில் "தாத்தா, வேட்டி பத்திரம்" என்று கிண்டல். அதை விட்டுவிட்டு நிஜப் பந்தயம் வையுங்கள்.

முதலமைச்சர் கோப்பையில் பொதுமக்கள் பிரிவு 35 வயதோடு முடிந்துவிடுகிறது. உலக அளவிலான மாஸ்டர்ஸ் தடகளம் அந்த 35இல்தான் ஆரம்பிக்கிறது. அங்கே ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. 64 வயதில் எல்லோருக்கும் பின்னால் வந்தவர், 65 ஆனதும் அடுத்த பிரிவில் இளசு! வயது ஏறுவதில் இப்படி ஒரு லாபம் வேறெங்கே கிடைக்கும்? குண்டு எறிதலில் எடையும் குறையும்: ஆண்களுக்கு அறுபதுகளில் 5 கிலோ, எழுபதுகளில் 4, எண்பதுக்கு மேல் 3. 2022இல் பின்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில் ஹரியானாப் பாட்டி பகவானி தேவி 94 வயதில் 100 மீட்டரை 24.74 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பஞ்சாபிப் பாட்டி மன் கவுர் தடகளத்துக்கு வந்ததே 93 வயதில்.

"கடலில் உழைத்த உடம்புக்கு ஓட்டம் எதுக்கு?" என்பீர்கள். வலை இழுத்தது தோளும் முதுகும். கடலுக்குப் போவதை நிறுத்தியதும் அதுவும் நின்றுபோகிறது. வயதாக ஆக முதலில் மெலிவது வேகத்துக்கான தசை நார்கள்தான். கால் தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை ஊன்ற அவைதான் வேண்டும். சாயங்கால நடை நல்லதுதான், ஆனால் அந்த நார்களுக்கு அது பெரிதாக வேலை கொடுக்காது. ஓட்டமும் எறிதலும் கொடுக்கும். சரி, தனியாக ஓடலாமே என்றால் யார் ஓடுவார்? பந்தயத் தேதி ஒன்று குறித்திருந்தால்தான் விடியற்காலையில் கால் வாசல் தாண்டும்.

பெண்களை மறக்காதீர்கள். தென்கடலில் பாசி எடுத்தே வாழ்நாளைக் கழித்த அக்காமார்களைக் கோலப்போட்டியோடு அனுப்பிவிடுவது நியாயமில்லை.

செலவு அதிகமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் ஒரு நாள் வைக்கலாம், வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். புதைமணல் வேண்டாம், கணுக்கால் பிசகிவிடும். அலை நனைத்து இறுகிய மணலில் கோடு போடுங்கள். பிரஷர், சுகர், நெஞ்சுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே இறங்கட்டும். ஒவ்வொருவர் நேரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த வருஷம் அதைத்தான் முந்தப் பார்ப்பார்கள்.

அப்புறம், ஆதாரைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள். எளிய எதிராளிக்காக 68ஐ 70 என்று சொல்ல நம்ம ஊர்ப் பெருசுகள் கூசமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓடக் காத்திருக்கும் ஒரு பெருசு