கோல்னும் பிளாக்பர்னும்

பிரெஸ்டன்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காவல் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அடுத்த வரியிலேயே, "ஜனங்கள் நம்பாத வேலைக்குப் போகிறாளே" என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

இங்கிலாந்தில் நான் இருக்கும் லங்காஷயர் மாவட்டத்தின் போலீஸ் படை 1839-இல் உருவானது. கேப்டன் ஜான் உட்ஃபோர்டு முதல் சீஃப் கான்ஸ்டபிள். பெயரில் கான்ஸ்டபிள் என்று இருந்தாலும் படைக்கு முழுத் தலைமையும் அவரே. மறு வருடமே கோல்ன் என்ற நெசவாளர் ஊரில் ஜனங்கள் அந்தப் படையை அடித்து விரட்டினார்கள். தெருமுனையில் நின்று பேசுகிறவர்களைக்கூடக் கலைந்து போகச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? 1840 ஆகஸ்டில் நடந்த கலவரத்தில், போலீசுக்குத் துணையாக நின்ற ஜோசப் ஹால்ஸ்டெட் என்ற ஆலை முதலாளியின் உயிரே போனது.

இனி 1948-க்கு வா. மே மாதம், இதே லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன் என்ற ஊரின் மருத்துவமனையில் இரவில் வார்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிச் சென்று கொன்றுவிட்டான் ஒருவன். மெழுகிட்ட தரையில் காலுறைத் தடங்கள் இருந்தன. கட்டிலடியில் கிடந்த ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியில் கைரேகை இருந்தது. லங்காஷயர் கைரேகைப் பிரிவின் தலைவர் காலின் கேம்பெல் அதைப் பதிவிலிருந்த ரேகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. அப்போது எடுத்த முடிவை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. சம்பவ நாளில் ஊரில் இருந்த, பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோருடைய ரேகையையும் எடுப்பது! கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. இந்த வழக்குக்கு மட்டுமே பயன்படுத்துவோம், முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

வாக்காளர் பட்டியலோடு போலீஸார் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அடுப்படி மேசையில் மை தடவி, அட்டையில் விரல்களை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தார்கள். பட்டியலில் விடுபட்டவர்களை ரேஷன் புத்தகப் பதிவை வைத்துத் தேடினார்கள். ஆகஸ்டில், 46,253-ஆவது அட்டை பொருந்தியது. அது பீட்டர் கிரிஃபித்ஸ் என்ற முன்னாள் ராணுவ வீரனுடையது. அவனை நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அட்டைகளை என்ன செய்தார்கள் தெரியுமா? சொன்னபடியே காகித ஆலைக்குக் கொண்டுபோய்க் கூழாக்கினார்கள். கேட்டு வந்தவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கூழ்தான் பெரிது, சேது. கொலைகாரனைப் பிடித்தது கெட்டிக்காரத்தனம். நாற்பத்தாறாயிரம் அட்டைகள் கைக்குள் இருக்கும்போது அழிக்க மனம் வந்ததே, அது வேறு குணம். கோல்னில் கலவரம் செய்தவர்களின் கொள்ளுப்பேரன்கள்கூட அந்த நம்பிக்கையில் கை நீட்டியிருக்கலாம்.

இன்னொன்று, பேத்திக்காக. இதே லங்காஷயர் படையில் பதினேழு வயதில் கேடட்டாக, அதாவது இளம் பயிற்சியாளராகச் சேர்ந்த பாலின் கிளேர் 1995-இல் அதற்கே சீஃப் கான்ஸ்டபிள் ஆனார். பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆற்றங்கரை வரை நடக்கிறேன். அவளுடைய பயிற்சி எப்போது தொடங்குகிறது, எந்த ஊரில் என்று எழுது. சீருடையில் எடுத்த முதல் படத்தை எனக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவை.

அன்புடன்,
ராமு