எங்கள் ஊர் உண்ணி எந்த மருந்துக்குச் சாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்நடைகளில் உண்ணி பரப்பும் நோய்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சிகள் குறித்து நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. எங்கள் பக்கம் உண்ணி என்றாலே தொழுவத்தைக் கூட்டாத வீடு, மாட்டைக் குளிப்பாட்டாத ஆள் என்றுதான் பேச்சு போகும். மாடு செத்தால் கண்ணேறு, காற்று, தீவனம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள், காதுக்குள்ளே கொத்தாகத் தொங்குகிற உண்ணியை மட்டும் யாரும் காரணமாகச் சொல்ல மாட்டார்கள்.

மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் 1897ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 1893ல், தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த டெக்சஸ் காய்ச்சலை உண்ணிதான் கடத்துகிறது என்று சோதனை செய்து எழுதிவிட்டார்கள். நோயுள்ள மாட்டில் ரத்தம் குடித்த தாய் உண்ணி இடுகிற முட்டை வழியாக அடுத்த தலைமுறை உண்ணிக்கும் அந்தக் கிருமி போகிறது என்பதையும் காட்டினார்கள். அந்த ஊர் மாட்டுக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே "இது உண்ணியால் வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், படித்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்மித் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். 1906ல் அரசாங்கமே உண்ணி ஒழிப்பில் இறங்கி, 1943க்குள் மெக்சிகோ எல்லையோரம் ஒரு பட்டையைத் தவிர மற்ற இடங்களில் அதை ஒழித்துக் காட்டியது. மாடு வளர்க்கிறவன் சொல்வதை ஆராய்ச்சி செய்கிறவர் காது கொடுத்துக் கேட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும், அந்தப் பக்கம் திருப்புல்லாணி, பெரியபட்டினம் வரைக்கும் கடலோரத்தில் மீன்பாடு குறைந்த வீடுகளில் அடுப்பெரிய வைப்பது ஆடும் மாடும்தான். கார்த்திகை, மார்கழி மழை விட்டுக் கருவக்காட்டுக்குள் புல் தலைகாட்டியதும் உண்ணியும் கூடவே தலைகாட்டும். வாலுக்கு அடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவில், காதுமடலுக்குள், கழுத்துத் தொங்கலில் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். சின்னது எள்ளளவு கூட இருக்காது. ரத்தம் குடித்து உப்பியது ஆமணக்கு முத்து மாதிரி சாம்பல் பச்சையாக, தொட்டால் வழுக்கும். நம்ம மாடுகளில் அதிகம் காண்கிற மாட்டு உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து பெரிதாகிற வரை அதே மாட்டிலேயே சுமார் 3 வாரம் இருக்கும். அப்புறம் கீழே விழுந்து, மண் இடுக்கிலும் சாணிக் குப்பையிலும் 2,000, 3,000 முட்டை போட்டுவிட்டுச் சாகும். அதனால் மாட்டின் மேல் இருப்பதைக் கொன்றால் பாதி வேலைதான். மீதி தரையில் கிடக்கிறது. ஒரு தடவை மருந்து அடித்துவிட்டு "போய்விட்டது" என்று உட்காருகிறவர்கள் அடுத்த மாதமே மறுபடியும் மருந்துக்கடைக்குப் போவது இதனால்தான்.

இன்னொரு உண்ணி இருக்கிறது, ஹயலோமா. அது கொட்டத்துச் சுவர் விரிசலிலும் கல் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். தைலேரியா என்ற கிருமியைக் கலப்பின மாடுகளுக்குக் கொண்டுவருவது அதுதான். நாட்டு மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஜெர்சி கலப்பு தாங்காது. காய்ச்சல் 104, 106 டிகிரி என்று ஏறும், தோளுக்கு முன்னால் நெறி கட்டும், கண்ணை விரித்துப் பார்த்தால் உள்சதை வெளுத்திருக்கும், பால் சட்டென்று வற்றும். எங்கள் வீட்டுக் கறவை ஒன்று அப்படித்தான் போனது. வந்து பார்த்தவர் சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டார், மறுநாளும் போட்டார். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் என்ன கிருமி என்று தெரிந்திருக்கும். அதற்கென்று பூபார்வகோன் மருந்து இருக்கிறது, ஆரம்பத்திலேயே போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மூத்திரம் சிவப்பாக, காப்பித் தண்ணி நிறத்தில் போனால் அது பேபிசியா என்ற கிருமி, அதற்கு வேறு மருந்து. உண்ணி கடத்துகிற இன்னொரு கிருமியான அனாபிளாஸ்மாவுக்கு இன்னொன்று. எதுவென்று தெரியாமல் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே ஊசி போட்டால் மாடு எப்படிப் பிழைக்கும்? அதிலும் ஒரே ஊசியை வரிசையாக நாலு வீட்டு மாட்டுக்குக் குத்துகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அனாபிளாஸ்மா உண்ணியால் மட்டுமல்ல, ரத்தம் பட்ட ஊசியாலும் பரவும்.

1962 என்ற எண்ணுக்குப் போனில் அழைத்தால் மாட்டு வைத்திய வண்டி வருகிறது, அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் ஒரு பெட்டி கண்ணாடித் தகடும், மாட்டாஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் இருந்தால் போதும். இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் வேண்டாம்.

ஆனால் நான் முக்கியமாக எழுத உட்கார்ந்தது மருந்தைப் பற்றி. உங்கள் கட்டுரையில் மருந்துக்கு மசியாத உண்ணி பற்றி இரண்டு வரிதான் இருந்தது. எங்களுக்கு அதுதான் தலைவலி. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகளை உண்ணி தாங்கிப் பழகிவிட்டது என்று இந்தியாவின் பல இடங்களிலிருந்து ஆய்வுகள் வந்துவிட்டன. எங்கள் ஊரிலும் சீசாவில் எழுதியிருக்கிற அளவில் கலக்கி அடித்தால் உண்ணி உதிர்வதில்லை. உடனே சனங்கள் என்ன செய்கிறார்கள்? அளவை இரண்டு மடங்காக்குகிறார்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற பூச்சிமருந்தை எடுத்து மாட்டின் மேல் தடவுகிறார்கள். மாடு நக்கும், நுரை தள்ளும், விழும். மண்ணெண்ணெய் தடவித் தோல் வெந்துபோன கன்றையும் பார்த்திருக்கிறேன். மருந்து அடித்த கையோடு மாட்டை ஊருணியில் இறக்கிக் கழுவுகிறவர்கள் உண்டு. இந்த வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம், கொஞ்சம் கலந்தாலே போதும். குடிக்கிற தண்ணீருக்கே ஊருணியை நம்பியிருக்கிற ஊர்களில், இறால் பண்ணைக்குப் பக்கத்திலேயே மாடு கட்டுகிற ஊர்களில் இதை யாராவது சொல்ல வேண்டாமா?

எந்த மருந்துக்கு எங்கள் உண்ணி சாகும் என்று சோதிப்பது கஷ்டமான காரியமே இல்லை. ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகளைப் பொறுக்கி, காற்றோட்டமுள்ள டப்பாவில் போட்டு உயிரோடு ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே வெவ்வேறு அளவு மருந்துக் கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, எது சாகிறது, சாகாதது எவ்வளவு முட்டை போடுகிறது என்று எடை பார்ப்பார்கள். குஞ்சு உண்ணியை மருந்து தோய்த்த தாள் பொட்டலத்தில் அடைத்து 24 மணி நேரம் கழித்துப் பார்க்கிற முறையும் இருக்கிறது. இதெல்லாம் கால்நடைக் கல்லூரிகளில் பல வருஷமாகச் செய்துவருகிற சோதனைகள்தான். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கள் கடற்கரை ஊர்களில் உண்ணி பொறுக்கிச் சோதித்து, "இந்த வருஷம் இந்த மருந்து கேட்கும், இது கேட்காது" என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்து மருந்துக்கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஆய்வு முடிவு ஆங்கில இதழில் வருவது நல்லதுதான், ஆனால் அதை வைத்து எங்கள் ஊர்ப் பெண்கள் மருந்து வாங்க முடியாது.

கிடை ஆடுகளை மறந்துவிடக் கூடாது. அறுப்பு முடிந்ததும் எங்கள் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவதும் மழைக்கு முன்னே திரும்புவதும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஆட்டோடு உண்ணியும் போய் வருகிறது, காவல் நாயோடும் போய் வருகிறது. நாயில் ஏறுகிறது வேறு வகை, அது கடித்துத்தான் நாய்க்கு மூக்கில் ரத்தம் வழிகிற எர்லிச்சியா நோய் வருகிறது. ஆடுகளுக்கும் தைலேரியா, அனாபிளாஸ்மா எல்லாம் வரும். ஆனால் ஆடு செத்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது, அறுத்து விற்றுவிடுவதோடு கதை முடிந்துவிடும். எங்கள் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு வருகிற பறவைகளைப் பார்க்கும்போதும் எனக்கு இந்த நினைப்பு வரும். 1957ல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து, அது உண்ணி பரப்புகிற காய்ச்சல் என்று தெரிந்த பிறகு, வலசைப் பறவைகள் உண்ணியைத் தூக்கி வருகின்றனவா என்று பார்க்கத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவை ஆய்வாளர் சாலிம் அலி தலைமையில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலை பெரிதாகத் தொடங்கியது. பறவைக்கே அவ்வளவு யோசித்த நாடு, கிடை ஆட்டுக்கும் கொஞ்சம் யோசிக்கலாம்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டு உண்ணியின் குடலையே பாதிக்கிற தடுப்பூசியை 1990களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் தைலேரியாவுக்கு ரக்ஷாவேக்-டி என்று ஒன்று உண்டு, ஆனால் அதைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கடைக்கோடி ஊருக்கு வந்து சேருவது பெரும்பாடு. அதுவரை கையால் பிடுங்குவதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். தைலேரியா கிருமி உண்ணி ஒட்டிக்கொண்ட உடனே மாட்டுக்குள் போவதில்லை, பொதுவாக இரண்டு மூன்று நாள் ரத்தம் குடித்த பிறகுதான் போகிறது. அதனால் தினமும் பால் கறக்கும்போதே தடவிப் பார்த்து, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துச் சோப்புத் தண்ணியில் போட்டாலே பாதி ஆபத்து குறையும், நசுக்கித் தரையில் தேய்க்காமல் இருந்தால் சரி. சுவர் விரிசலைச் சுண்ணாம்பு வைத்துப் பூசுவதும் அப்படித்தான். வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள், துளசி அரைத்துத் தடவுகிற மூலிகை முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித் தருகிறது. அது எங்கள் ஊர் உண்ணிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதையும் அதே சோதனையில் சேர்த்துப் பார்த்துச் சொன்னால் காசில்லாத வீட்டுக்கு உபகாரமாக இருக்கும்.

உங்கள் கட்டுரைக்குத் தகவல் தந்த விஞ்ஞானிகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அடுத்த மழை விட்டதும் அவர்கள் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், உண்ணி பொறுக்கிக் கொடுக்க எங்கள் தெருப் பெண்களும் இரண்டு மூன்று கீதாரிகளும் தயாராக இருக்கிறோம். டப்பா மட்டும் அவர்கள் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஆடு மாடு வளர்க்கும் ஒரு வாசகி,
திருப்பாலைக்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.