முட்டிக்கு மூன்று மாதம் கொடு

எய்யா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்து வாலிபால் மேட்ச் ஆடப்போகிறாய், ஒன்றரை மாதமாகக் காலையில் ஓடுகிறாய், ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் மூச்சு வாங்கவில்லை, எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பேச்சோடு பேச்சாக, ஸ்மாஷ் அடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது இடது முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்று வலிக்கிறது, ஒரு வாரம் சும்மா இருந்தால் போய்விடுகிறது, திரும்ப ஆடினால் திரும்ப வருகிறது என்றாயே, அதுதான் மனசில் கிடந்து உறுத்துகிறது.

நான் பாளையங்கோட்டையில் பி.டி. டீச்சராக இருந்த காலத்தில் இந்த ஒரு வலியை எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருப்பேன்! விரல் வைத்து இந்த இடம்தான் என்று காட்டுவார்கள். குதித்து ஆடுகிற வாலிபால்காரர்களுக்கு வருகிற வலி இது. மூச்சு சில வாரத்திலேயே திரும்பிவிடும், தசையும் கொஞ்சம் பின்னால் வந்து சேரும். நாம் ஊரில் நரம்பு என்று சொல்வோமே, தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தேறி வர மாதக்கணக்கில் ஆகும். நீ மூச்சை வைத்து உடம்பு தயாராகிவிட்டது என்று நினைத்துவிட்டாய். பன்னிரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த கால் அது. அதுவும் மாமா ஊர்த் தேரி மணலிலும் நம்ம செம்மண் தரையிலும் ஆடிப் பழகிய காலை, பெங்களூரில் சிமெண்ட் தரையில் வாரம் நாலு நாள் குதிக்க வைத்தால் அது என்ன செய்யும்?

எனக்கு 41 வயசில் இதே வலி வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது சின்னப்பிள்ளை. ஒரு டாக்டர் முட்டியில் ஊசி போட்டார், இரண்டே நாளில் வலி மாயமாகப் போய்விட்டது, அடுத்த வாரமே ஆசிரியைகள் போட்டியில் இறங்கினேன். வலி தெரியவில்லையே தவிர உள்ளே புண் ஆறவில்லை. இன்றைக்கும் குறுக்குத்துறைப் படித்துறையில் நான் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குகிறேன். அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் கோர்ட்டில் இறங்காதே, அம்மா கேட்டுக்கொள்கிறேன்.

சும்மா படுத்துக்கிடப்பதும் மருந்தில்லை. ஓய்வெடுத்தால் வலி அடங்கும், ஆனால் அந்த நாண் இன்னும் தளர்ந்துபோகும், அதனால்தான் உனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பாரம் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்வது போல 45 விநாடி அப்படியே நில், நடுவில் இரண்டு நிமிஷம் விட்டு ஐந்து தடவை. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள் மெதுவாக உட்கார்ந்து எழும்பு, இறங்க மூன்று எண்ணிக்கை, ஏற மூன்று எண்ணிக்கை. பழகப் பழக கையில் எடை சேர்த்துக்கொள். அவசரப்பட்டு வேகமாகச் செய்தால் பயனில்லை. இடுப்புப் பக்கத் தசைக்கும் பயிற்சி வேண்டும், அது தளர்ந்தால் முட்டி உள்பக்கமாகச் சாயும். குதிப்பது கடைசியில்தான், அதுவும் எண்ணிக் குதி, முதல் வாரம் இருபதுக்கு மேல் போகாதே, அடுத்த நாள் கட்டாயம் இடைவெளி விடு.

வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுப் பார், பயிற்சியின்போது மூன்று வரை இருந்தால் பயப்படாதே. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கிப் பார், வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம், குறைத்துக்கொள். ஆனால் முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் மடங்கி நழுவினாலோ, அது வேறு கதை. ஜவ்வு கிழிந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு டாக்டரைப் பார், நல்லெண்ணெய் போட்டு உருவ யாரிடமும் போகாதே.

அப்புறம் எடை. ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழுகிற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். ராத்திரி பரோட்டாவை விடு, இதற்குமேல் சொல்லமாட்டேன்.

இப்போதுதான் ஐப்பசி பிறந்திருக்கிறது, தை ஒன்றுக்கு முழுசாக மூன்று மாதம் இருக்கிறது. பொங்கல் மேட்சில் நீ பின்வரிசையில் நின்று பந்தை எடு, ஸ்மாஷ் அடிக்க உன் சித்தப்பா மகன் இருக்கான். அடுத்த பொங்கலுக்கு நீ நெட்டுக்கு முன்னால் வா, நானே வந்து பார்க்கிறேன்.

நாளை காலை படி இறங்கியதும் பத்துக்கு எத்தனை என்று வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு எண்ணை மட்டும் அனுப்பு. அப்பா மருமகளுக்கு உடன்குடிக் கருப்பட்டி பார்சல் போட்டிருக்கார், வந்ததும் சொல்லு.

அம்மா