ஸ்டார் கட்டாத தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன ஞாயிறு போனில் நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "சரி" என்று வைத்துவிட்டேன். அந்தச் சரிக்கு ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். "என்னவாம்?" என்று கேட்டாள். "லீவு கிடைக்காதாம்" என்று ஒரு பொய் சொன்னேன். கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை, இனிமேல் அந்த நாளை ஆசரிப்பதில்லை, அதனால் பாளையங்கோட்டைக்கு வரப்போவதுமில்லை என்று நீ முடிவெடுத்திருப்பதை எழுபத்தெட்டு வயதில் அவளிடம் யார் சொல்வது?

இதை உனக்கு மட்டும் வாட்சப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அனுப்பிய ஃபார்வர்டுகள் நம் பக்கத்தில் பாதி வீடுகளில் சுற்றுகின்றன. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள் என்று பல வீட்டில் இதே பேச்சு. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். உன் பேரும் போடவில்லை, உன் சபையின் பேரும் போடவில்லை.

வரலாறு நடத்திப் பிழைத்தவள் நான். ஆகவே உன் பக்கம் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 25 என்று வேதத்தில் எங்கும் இல்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியா சபையின் போதனாசிரியர் கிளமெந்து, ஆண்டவர் பிறந்த தேதியைச் சிலர் தோண்டித் துருவிக்கொண்டிருப்பதாக எழுதுகிறார். அவர்கள் சொன்ன தேதிகளில் ஒன்று நம் கணக்கில் மே 20. அவருக்குப் பிறகு வந்த வேத அறிஞர் ஒரிகேன் இன்னும் கறார்: வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தானே என்று கேட்டவர். டிசம்பர் 25 எழுத்தில் கிடைப்பது ரோமில், 354ஆம் வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்றில். அதிலிருக்கும் பட்டியல் 336இல் தொகுத்தது என்கிறார்கள். கிழக்கே அந்தியோகியாவில் 386இல் கிறிசோஸ்தம் பிரசங்கம் பண்ணும்போது, இந்தப் பண்டிகை இங்கே வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

டிசம்பர் 25 ரோமரின் சூரியப் பண்டிகை, சபை அதைத்தான் எடுத்துக்கொண்டது என்கிற சூரியக் கதைதான் நீ அனுப்பியதில் பெரிய எழுத்தில் இருந்தது. ரோமச் சக்கரவர்த்தி ஔரேலியன் 274இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் பிரதிஷ்டை பண்ணினான், உண்மை. நான் சொன்ன அதே பஞ்சாங்கத்தில் அதே தேதிக்குச் சூரியனின் பிறப்பும் குறித்திருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை. ஆண்டவர் மரித்தது மார்ச் 25 என்று மேற்கே பலர் நம்பினார்கள். மரித்த தேதியிலேயே மரியாளின் வயிற்றில் கருவானார் என்றும் ஒரு நம்பிக்கை. அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வந்து நிற்கும். கிழக்கே ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்கு ஜனவரி 6 வந்தது. ஆர்மீனியர்கள் இன்றைக்கும் அந்த நாளில்தான் ஆசரிக்கிறார்கள். இரண்டு விளக்கத்தில் எது சரி என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வாட்சப் மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டது.

தேதி தெரியாது, சரி. தெரியாவிட்டால் என்ன?

அப்பாவின் பிறந்த தேதி உனக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 1. அது யார் வைத்த தேதி? ஆத்தில் வெள்ளம் வந்த ஐப்பசியில் பிறந்தான் என்றுதான் பாட்டி கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போனபோது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஹெட்மாஸ்டர் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். அப்பா ரிட்டையர் ஆனதும் அந்தத் தேதிக்குத்தான், மே 31 சாயங்காலம் மாலையோடு வீட்டுக்கு வந்தாரே. வருஷாவருஷம் ஜூன் 1 அன்றைக்கு நாம் ஒரு துண்டு வாங்கிக் கொடுப்போம். "வாத்தியார் பெத்த பிள்ளைடே நான்" என்று சிரித்துக்கொண்டே தோளில் போட்டுக்கொள்வார். தேதி பொய் என்பதால் அப்பா பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா? நம் தெருவில் அந்த வயசு ஆம்பளைகளில் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான்.

சரி, தேதியை விடு. அஞ்ஞானிகளின் பண்டிகையிலிருந்து வந்தது, அதனால் தீட்டு என்கிறாயே, அதற்கு வருகிறேன். உன் சபை எந்தக் கிழமை கூடுகிறது? ஞாயிறு என்றால் சூரியன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சூரியனின் கிழமையில் கூடி, சூரியனை நினைக்காமல் ஜெபித்துவிட்டு வருகிறாய் அல்லவா? உன் கையிலிருக்கும் வேதாகமத்தையே புரட்டிப் பார். வேதம், தேவன், ஆராதனை, அபிஷேகம், ஸ்தோத்திரம், பலி. எல்லாம் நமக்கு முன்னால் இன்னொரு கோயிலில் புழங்கிய சொற்கள். மொழிபெயர்த்தவர்கள் அதைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

டிசம்பர் 31 ராத்திரி உங்கள் சபையில் என்ன நடக்கிறது? போன வருஷம் நீ அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். பந்தல் போட்டு, எல்.இ.டி. திரை வைத்து, மணி பன்னிரண்டு அடிக்கும்போது அத்தனை பேரும் முழங்காலில். அப்புறம் வரிசையில் நின்று, வருஷத்துக்கென்று ஒரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை வாங்குகிறீர்கள். ஜனவரி 1ஐப் புதுவருஷம் என்று ஆசரிக்க எந்த அதிகாரத்தில், எந்த வசனத்தில் கட்டளை இருக்கிறது? ஜனவரி என்ற பேரே ஜானுஸ் என்கிற இரண்டு முகமுள்ள ரோமத் தெய்வத்தின் பேர். ஒரு வாரம் முன்னால் வந்தால் அஞ்ஞானம், ஒரு வாரம் கழித்து வந்தால் அபிஷேகமா? கிண்டலுக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கிண்டல்தான்.

எரேமியா 10ஐக் காட்டி கிறிஸ்துமஸ் மரம் விக்கிரகம் என்றும் அனுப்பியிருந்தாய். அங்கே தச்சன் வாச்சியால் செதுக்குவது சிலையை. நம் வீட்டில் ஸ்டார் தொங்கும் சவுக்குக் கம்பை இதுவரை யாரும் கும்பிட்டதில்லை. காக்காய் உட்கார்ந்திருக்கிறது.

கட்டளையில்லாத பண்டிகை கூடவே கூடாது என்றால் யோவான் 10:22ஐ என்ன செய்வாய்? "பின்பு எருசலேமிலே தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது." அந்தப் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் கிடையாது. கி.மு. 164இல் மக்கபேயர் என்கிற யூத வீரர்கள் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்ததை நினைத்து யூதர்கள் தாங்களாக வைத்துக்கொண்டது. அந்த நாளில் ஆண்டவர் ஆலயத்தில் சாலொமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். யார் உங்களுக்கு இந்தப் பண்டிகையைக் கொடுத்தது என்று அவர் கேட்டதாக இல்லை.

ஆனால், தம்பி, நீ ஒரு இடத்தில் சரியாகப் பிடித்திருக்கிறாய். அது தேதியிலும் இல்லை, சூரியனிலும் இல்லை.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை இருந்தாள். வருஷம் முழுக்க ஒரு ஞாயிறு தவறமாட்டாள், வசனப் போட்டியில் என்னை எப்போதும் தோற்கடிப்பாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் வரமாட்டாள். காய்ச்சல் என்பாள். இரண்டு வருஷம் நம்பினேன். மூன்றாவது வருஷம் பலகாரத் தட்டோடு அவள் வீட்டுக்குப் போனபோது வாசலில் வழக்கமான பாவாடையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புதுத்துணி இல்லாமல் கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வரக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது. நம் அப்பாவும் ஜவுளிக்கடையில் கணக்கு வைத்துத்தான் நமக்கெல்லாம் எடுத்தார். அந்தக் கணக்கு தீர, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்துவிடும்.

அந்த நாள் பரிசுத்தமானது, ஆசரித்தே ஆகவேண்டும், இன்னின்ன இருந்தால்தான் ஆசரிப்பு என்று வைத்தவுடனே, அது வேத வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற ஒரு பிள்ளையை வாசலில் உட்காரவைத்துவிட்டது. ஆகவே டிசம்பர் 25 பரிசுத்த நாளா என்று நீ என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். மற்ற நாளைப்போல ஒரு நாள். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் கோயிலுக்கு வந்து முன்பெஞ்சில் உட்காருகிறவர்கள் நான் இப்படிச் சொல்வதைக் கேட்டால் சபை ஐயரிடம் புகார் பண்ணுவார்கள். பண்ணட்டும்.

"பண்டிகைநாளையும் மாதப்பிறப்பையும் ஓய்வுநாட்களையுங்குறித்தாவது, ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக" என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது, ஆசரிக்காத உன்னை நான் குற்றப்படுத்தாமலிருக்க. ஆசரிக்கிற அம்மாவை நீ குற்றப்படுத்தாமலிருக்கவும்தான். ரோமருக்கு எழுதினதில் இன்னும் தெளிவு: ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், "அவனவன் தன்தன் மனதில் முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." தன் தன் மனதில். அடுத்தவன் வீட்டு வாசலில் அல்ல.

உங்கள் ஆட்களுக்கு முன்னோர் உண்டு, அவர்களும் சாதாரணப்பட்டவர்கள் அல்ல. 1647இல் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் கிறிஸ்துமஸையே ஒழித்தது. அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் கடையைத் திறந்துதான் வைக்க வேண்டும் என்று மேயர் கட்டாயப்படுத்தப்போய்க் கலவரம். கடல் தாண்டி மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் 1958 வரைக்கும் அது பொது விடுமுறையே இல்லை. நமக்கு வேதம் கொண்டுவந்தவர்கள் ஜெர்மன் லுத்தரன்களும் இங்கிலாந்துச் சபையாரும், இரண்டு பேரும் அந்த நாளை வைத்திருந்தவர்கள். ஸ்காட்லாந்துக்காரன் முந்திக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்திருந்தால் நம் வீட்டில் அச்சு முறுக்கு அச்சே இருந்திருக்காது. இதையெல்லாம் நினைத்துப் பார்த்தால் எனக்கு உன்மேல் கோபம் குறைகிறது.

அப்புறம் ஏன் நான் விடாமல் ஆசரிக்கிறேன்?

கட்டளை என்பதற்காக இல்லை. மார்கழி ஒன்பதோ பத்தோ, காலை நாலு மணிக்குப் பனியில் தலைக்கு மப்ளர் சுற்றி அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது, அந்தப் பக்கம் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இந்தப் பக்கம் நம் கோயில் மணி. திரும்பி வந்தால் தட்டு சுமக்கிற வேலை. எதிர்வீட்டு ஆச்சிக்கு முதல் தட்டு. ஆச்சி தீபாவளிக்குக் கொண்டுவருகிற அதிரசத்தை ஒருநாளாவது கவனித்திருக்கிறாயா? தனி எவர்சில்வர் டப்பாவில் வரும். "சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எடுத்து வச்சிட்டேன்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். நாற்பது வருஷமாக, நாம் கேட்காமலே. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் கொரிந்தியருக்கு அத்தனை அதிகாரம் எழுதி விளக்கின விஷயத்தை ஆச்சி ஒரு டப்பாவில் முடித்துவிட்டாள். போன தீபாவளிக்கு என் மருமக்கள் இரண்டு பேரும் அதைத் தொடக்கூடாது என்று நீ சொன்னபோது அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். நீ கவனிக்கவில்லை. அந்த டப்பா இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. காலி டப்பாவை எப்படித் திருப்பிக் கொடுப்பது? டிசம்பரில் முந்திரிக்கொத்து போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

உன்னை 25ஆம் தேதி வா என்று நான் கூப்பிடவில்லை. உன் மனசாட்சிக்கு இடறல் என்றால் வராதே. 27ஆம் தேதி வா, அன்றைக்கு எந்த ரோமனும் எதுவும் கொண்டாடவில்லை. ஸ்டாரைக் கழற்றமாட்டேன், ஆனால் உன் பிள்ளைகளை அதன்கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுக்கமாட்டேன்.

அம்மா அச்சு முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள். அச்சைக் கொதிக்கிற எண்ணெயில் முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும், மாவில் முக்கால் அளவுதான் முக்க வேண்டும், மேலே ஏறிவிட்டால் அச்சை விட்டு வராது. நேற்று இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டது, கை நடுங்குகிறது அவளுக்கு. என்னைத் தொடவிடமாட்டாள். உன் சின்னவனுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். லீவு இல்லை என்று நான் சொன்ன பொய்யை அவள் நம்பவில்லை என்று நேற்று ராத்திரிதான் தெரிந்தது. "பண்டிகைச் சட்டைன்னு சொல்லாதே, சும்மா பாட்டி எடுத்ததுன்னு சொல்லு" என்றாள்.

நீலக் கட்டம். எட்டு வயசு அளவு. சேராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், பில் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா